பத்து, பற்று, பட்டு: ஒலியியல் பேப்பரைக் கடந்த விதம்

வெளிவாரிப் பட்டப்படிப்பில் என்னை அலைக்கழித்தது மொழியியல் பேப்பர்தான், அதிலும் பேச்சொலிகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்கும் ஒலியியல். மாங்குளத்தில் இருந்து வவுனியா வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் 'ஈரிதழ் ஒலி, பல்லொலி, நாமடி ஒலி' என்று ஒலிவகைகளின் பெயர்களை முணுமுணுத்தபடி போவேன். புளியங்குளம் தாண்ட முதலே பாதி மறந்துவிடும்.

ஒரு மெய்யொலியை வகைப்படுத்த மூன்று கேள்விகள் போதும்: குரல்நாண் அதிர்கிறதா, காற்று எந்த இடத்தில் தடைப்படுகிறது, எப்படித் தடைப்படுகிறது. முதலாவதுக்குத் தொண்டையில் விரல் வைத்தாலே விடை கிடைக்கும். சிக்கல் இரண்டாவதில். நாக்கு எங்கே தொடுகிறது என்று யார் பார்த்தது?

நாக்கில் கரி பூசி, ஒலியைச் சொல்லவைத்து, அண்ணத்தில் படும் தடத்தைப் பார்ப்பது ஒலியியலாளரின் பழைய முறை. வயல் வீட்டில் உமிக்கரிக்கா பஞ்சம்? நன்றாக அரித்த தூளை நாக்கு நுனியிலும் அதன் அடியிலும் தடவி, 'பத்து' என்று ஒரே தடவை சொல்லிவிட்டு, போன் ரோர்ச்சும் சின்னக் கண்ணாடியும் பிடித்துப் பார்த்தேன். கரி மேற்பல்லின் பின்பக்கத்தில். கொப்பளித்துவிட்டு 'பற்று' சொன்னேன்: பல்லுக்குப் பின்னால் முரசில் (பல்லீறில்). 'பட்டு' இன்னும் உள்ளே, அண்ணத்தில். "என்ன பிள்ளை, பல்லு நோகுதோ?" என்றார் அம்மம்மா.

றகரத்தை ஏன் வல்லினத்தில் வைத்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. 'அறை'யில் அது நாக்கு ஆடும் ஒலி; 'பற்று' என்று நாங்கள் சொல்லும்போது காற்றை முழுதாக அடைத்துத் திறக்கும் அசல் வெடிப்பொலி. தொல்காப்பியத்தில் ஒலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலும் றகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரே பிறப்பிடம்தான் சொல்கிறது. ஆங்கில gate, net என்பவற்றை 'கேற்', 'நெற்' என்று நாங்கள் ற் போட்டு எழுதுவதும் சும்மா இல்லை; அந்த t-யும் முரசில் பிறப்பதுதான்.

லகரத்துக்குக் கரி தேவையில்லை. 'ல்' சொல்லும் நிலையில் நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை வாயால் உள்ளே இழுத்தால் நாக்கின் ஓரங்கள் குளிரும். காற்று நாக்கின் பக்கங்களால் போவதால்தான் அது மருங்கொலி, அதாவது பக்க ஒலி. ழகரத்தில் குளிர் நடுவில் ஓடும். எங்கள் வாயில் 'பழம்' அநேகமாகப் 'பளம்' ஆகிவிடுவதால், இதை மட்டும் மெனக்கெட்டுப் பழக வேண்டியிருந்தது.

உயிரொலிகளில் இந்த வித்தை எடுபடாது, நாக்கு எங்கும் முட்டாதே. நாக்கின் உயரம், அது முன்னா பின்னா, இதழ் குவிகிறதா என்று வரைபடத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனேன். நல்லகாலம், பேப்பரில் மெய்யொலிதான் வந்தது.