கரடிக் காது முளைத்துவிட்டது

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலையின் இரண்டு பக்கமும் கரடிக் காது மெல்ல எழும்புகிறது, முகம் இம்மியும் அசையவில்லை. இதைக் கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் செய்யலாமே என்பவர்கள் இப்போதே கிளம்பலாம். இது முழுக்க பொலெக்ஸ் என்கிற பிலிம் கேமராவுக்குள்ளேயே செய்தது.

இந்தக் கிறுக்கைப் பிடிக்கவைத்தது 1930-ல் வந்த லாட்விய மௌனப் படம் ‘லாச்ப்ளேசிஸ்’. அதற்கு மூலமான, கவிஞர் பும்புர்ஸின் 1888-ஆம் வருடக் காவியத்தில் நாயகனின் பலமெல்லாம் கரடிக் காதில்தான். இயக்குநர் ருஸ்டெய்கிஸ் அந்தப் பழங்கதையை 1919 விடுதலைப் போரோடு முடிச்சுப் போட்டு, ஒரே நடிகர்களை இரண்டு காலத்திலும் உலவவிட்டார். நடிகை லிலிதா பெர்ஸினா பழங்கதையில் லைம்தோதா, போர்க் காலத்தில் மிர்த்ஸா. தேசப் பிரசார வாடை தூக்கலாகவே இருக்கும். இருந்தாலும் ஒரு முகத்தை மட்டும் நம்பி எழுநூறு வருடத்தைத் தாண்டுகிற தைரியம் இருக்கிறதே!

சரி, பிலிமில் விழுகிற வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஷட்டர் லீவருக்கு வருவோம். 48 பிரேமுக்கு மூடிக்கொண்டே வந்து, லென்ஸுக்கு மூடி போட்டு, பிலிமை அதே 48 பிரேமுக்கு, அதாவது 6 சுற்று, பின்னால் சுற்றி, காதை மாட்டி, மறுபடி 48 பிரேமுக்குத் திறக்க வேண்டும். ஆனால் கை ஒரே சீராகத் தள்ளாது. ஆரம்பத்தில் தயங்கும், கடைசியில் ஓடும். குறைகிற வெளிச்சமும் கூடுகிற வெளிச்சமும் ஒவ்வொரு பிரேமிலும் சேர்ந்து முழுசாக வராவிட்டால் நடுவில் படம் இருண்டு எழும். அந்தப் பாழாய்ப்போன இருட்டுக்கே எத்தனை அடி பிலிம் போயிற்று! கடைசியில் லீவருக்குப் பின்னால் எட்டுக் கோடு போட்ட அட்டையை ஒட்டினேன். தாளம் தட்டுகிற மெட்ரோநோம் நொடிக்கு நாலு தட்டு, தட்டுக்கு ஒரு கோடு, இரண்டு நொடியில் 48 பிரேமும் முடியும். இருட்டு போயே போச்சு.

கேமரா முன்னால் உட்கார்ந்தவன் அத்தை பையன். தாடைக்குக் கீழே மரக்கட்டை, பின்னால் கறுப்பு வெல்வெட். காதை மாட்டும்போது “மூக்கு அரிக்குதுடா” என்றான். அரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காதுக்கு பொம்மை தைக்கிற ரோமத்துணி போதும். பழுப்பைவிடச் சாம்பல்தான் கறுப்பு வெள்ளையில் எடுப்பாக விழுகிறது. 1988-ல், சோவியத் ஆட்சி இன்னும் இருக்கும்போதே, லாட்வியத் தலைநகர் ரிகாவில் இதே நாயகனை வைத்து ராக் ஆப்பரா, அதாவது ராக் இசை நாடகம், போட்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டேதான் தைத்தேன். கோடாக்கின் ட்ரை-எக்ஸ் பிலிம் விலை கட்டுப்படியாகவில்லை, அடுத்த சுருள் செக் நாட்டு ஃபோமாதான்.

ஸ்கேன் இன்னும் பாக்கி. அதற்குள் காவிய முடிவில் நாயகன் எதிரியான கறுப்பு வீரனோடு கட்டிப்புரண்டு தௌகவா ஆற்றில் விழுகிற காட்சியை எப்படி எடுப்பது என்று மனம் அலைகிறது. மீன் தொட்டியும் மெழுகு பொம்மையும் வாங்கியாகிவிட்டது.