ஃபில்டர் மேல் தப்பில்லை

போலரைசர் ஃபில்டர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விட்டு, மற்றதை அடைக்கும் லென்ஸ் கண்ணாடி) வாங்கிய முதல் வாரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கண்ணாடிச் சட்டம் போட்ட தாத்தாவின் பழைய படம் ஒன்றை நகலெடுக்க வேண்டியிருந்தது. கழற்றினால் படம் கிழிந்துவிடும் என்று பயம். அதனால் நேர் எதிரே கேமராவை நிறுத்தினேன். தாத்தா முகத்தின் மேலேயே நானும் கேமராவும் தெரிந்தோம். சரி, இதற்குத்தானே ஃபில்டர் என்று ஒரு முழுச் சுற்று சுற்றினேன். படம் கொஞ்சம் இருண்டது, அவ்வளவுதான். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி எரிச்சலோடு ஃபில்டரைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தபோது, மேஜைக் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் பளீரென்று அடித்தது. ஃபில்டரைக் கண்ணருகே வைத்துத் திருப்பினேன். (என்னுடையது ‘சர்குலர்’ வகை. அதில் லென்ஸில் மாட்டும் திருகுமரைப் பக்கம் கண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் ஒன்றும் நடக்காது.) பிம்பம் மங்கி மங்கி, ஒரு நிலையில் அணைந்தே போனது. கண்ணாடிக்கு அடியில் இருந்த மரத்தின் ரேகைகள் ஏதோ கண்ணாடியையே எடுத்துவிட்ட மாதிரி தெரிந்தன. எழுந்து நின்று மேலிருந்து பார்த்தேன், பிம்பம் வந்துவிட்டது. மேஜையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன், அப்போதும் வந்தது. நடுவில் ஒரு கோணத்தில் மட்டும்தான் மாயம்.

நூலும் கோணமானியும் வைத்து அளந்தேன். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 55 பாகை வந்தது. ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 1.5 உள்ள கண்ணாடிக்குக் கணக்குப்படி 56.3. என் நூல் தொய்ந்திருக்கும். தண்ணீருக்கு 53 பாகை. அந்தக் கோணத்தின் டான்ஜென்ட்தான் ஒளிவிலகல் எண் என்பது 1815-இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் புரூஸ்டர் சொன்ன விதி. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான்.

அந்தக் கோணத்தில் என்ன நடக்கிறது? கண்ணாடிக்குள் நுழையும் ஒளி அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அந்த ஆட்டத்திலிருந்துதான் எதிரொளிக்கும் ஒளி பிறக்கிறது. ஆனால் ஆடும் மின்னூட்டம், தான் ஆடும் திசையிலேயே ஒளியை அனுப்பாது. 56.3 பாகையில் விழும் ஒளி உள்ளே 33.7 பாகையில் வளைகிறது. இரண்டையும் கூட்டினால் 90. அதாவது உள்ளே போகும் கதிருக்கும் எதிரொளிக்க வேண்டிய கதிருக்கும் நடுவே சரியாகச் செங்கோணம். விழும் ஒளியை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அதிர்வுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். அப்போது அந்த இரண்டில் ஒன்று, எதிரொளிக்கும் திசையை நோக்கியே எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அந்தப் பங்கு சுத்தமாகப் பூஜ்யம். மிஞ்சுவது கண்ணாடிப் பரப்புக்கு இணையாக அதிரும் ஒளி மட்டும். ஃபில்டர் அந்த ஒன்றை அடைத்துவிட்டால் போதும்.

எதிரொளித்த ஒளி இப்படி ஒரே திசையில் அதிர்வதை முதலில் கவனித்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ். 1808-இல் பாரிஸில், லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். அந்தப் படிகத்தில் இரண்டு பிம்பம் தெரியும், ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒன்று. திருப்பத் திருப்ப அவை மாறி மாறி மங்கின. அவர் கையிலும் ஒரு விதத்தில் ஃபில்டர்தான் இருந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நேராகப் பார்க்கும்போது ஒரு பரப்பு திருப்பி அனுப்புவது வெறும் 4 சதவீதம்தான். அந்த விசேஷக் கோணத்தில் பரப்புக்கு இணையான அதிர்வில் மட்டும் ஏறக்குறைய 15 சதவீதம் திரும்புகிறது. நேராகப் பார்ப்பதைவிட அங்கே அதிகம் கூசும், ஆனால் முழுசாக அணைக்க முடிவது அங்கேதான். நேர் எதிரே நின்றால் இரண்டு அதிர்வும் சரிபாதியாகத் திரும்பி வரும். எதை அடைக்கும் பாவம் அந்த ஃபில்டர்? உலோகமும் இப்படி முழுசாகப் பணியாது. விளக்கின் எவர்சில்வர் காலில் இருந்த மினுமினுப்பு, நான் என்ன திருப்பியும் போகவில்லை.

கடைசியில் தாத்தா படத்துக்கு ஃபில்டரே வேண்டியிருக்கவில்லை. கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் பின்னால் ஒளிந்துகொண்டு, விளக்குகளைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தேன். உற்றுப் பார்த்தால் சட்டையின் மேல் பொத்தானுக்குப் பக்கத்தில் லென்ஸின் வட்டம் இன்னும் லேசாகத் தெரியும்.