பஜ்ஜி மாவு நிற டிரையர்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் நாங்கள் வாங்கிய வீட்டின் விற்பனைப் பத்திரத்தோடு ஒரு சாமான் பட்டியலும் வந்தது. அதன் கடைசி வரி: 'துணி உலர்த்தும் டிரையர் 1, பழையது, ஓடும்.'

விற்றவர் எண்பதைத் தாண்டிய பாட்டி. மகள் வீட்டோடு போய் இருந்துகொள்ள முடிவெடுத்திருந்தார். சாவியைக் கொடுக்கும் முன் என்னைப் பேஸ்மென்டுக்கு அழைத்துப் போய், டிரையரின்மேல் விரித்திருந்த பூப்போட்ட மேஜைத்துணியை விலக்கினார். 1974-இல் சியர்ஸ் கடையில் வாங்கிய கென்மோர். அந்தக் காலத்து அமெரிக்கச் சமையலறைகளில் அடுப்பு, குளிர்பதனப்பெட்டி என்று எதையும் விடாமல் அப்பிய 'ஹார்வெஸ்ட் கோல்ட்' நிறம். பெயர் வைத்தவர்கள் விளைந்த கோதுமை வயலை நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது பஜ்ஜி மாவு. அதுவும் மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை கூடிப்போனது.

கீறல் இல்லை, நெளிசல் இல்லை. முகப்பின் குரோம் பட்டையில் என் முகம் தெரிந்தது. பக்கத்து ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே கடை ரசீதும் செய்முறைப் புத்தகமும். புத்தகத்தின் பின்னட்டை முழுக்கப் பென்சிலால் தேதிகள்: வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை, காற்றுக்குழாயைச் சுத்தம் செய்த நாள்கள். இடையிடையே 'பெல்ட்', 'விளக்கு', 'புது வயர்'. எங்கள் வீட்டில் பால் கணக்குகூட இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டதில்லை.

முதல் குளிர்காலத்தில் அம்மா ஆறு மாதம் வந்து தங்கினார். வெயில் படாத துணியை உடுத்துவதாவது என்று முதல் நாளே தீர்ப்பு. கொல்லைப்புறத்தில் கொடி கட்டக் கூடாது என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி. அம்மா அசரவில்லை. பேஸ்மென்டில் தண்ணீர்க் குழாய்க்கும் தூணுக்கும் நடுவே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினார். மூன்றாம் நாள் துணியெல்லாம் முடைநாற்றம் வீசியது. நான்காம் நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் கதவைத் திறந்து, சுடச்சுட ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் பார்த்ததைப் பார்த்ததும் மடிக்கத் தொடங்கிவிட்டார். அந்தக் கயிறு மட்டும் அவிழ்க்கப்படாமல் அங்கேயே கிடந்தது.

மூன்றாம் குளிர்காலத்தில், ஜனவரியில், துணியைப் போடும் டிரம் சுற்றியது, சூடு வரவில்லை. கூடவே 'தொப் தொப்' என்று ஒரு சத்தம். வேகம் எடுக்கும்போது ஒரு கீச்சு. பழுதுபார்க்க ஒருவர் வந்தார். பெட்டியைத் தட்டினார், தலையை ஆட்டினார், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் "இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள், புதிது வாங்குங்கள்" என்றார். வந்து போன கூலியைக் குறைக்காமல் வாங்கிக்கொண்டார். என் கோபம் கூலிக்காக அல்ல. திறந்து பார்க்காமல் செத்துவிட்டது என்று சொல்கிறவரிடம் எனக்கு எப்போதுமே ஆகாது.

அப்பா கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய இடம் அது. செம்புக் கம்பி, கம்பிக்கு உறையாக வைக்கும் லெதராய்ட் பேப்பர், சூட்டில் காயும் வார்னிஷ் வாசனை. பிறகு நான் கணக்குப் படித்து, கணக்கு எழுதிப் பிழைக்க வந்துவிட்டேன். ஆனாலும் மல்டிமீட்டரைப் பிடிக்கக் கை மறக்கவில்லை.

மறந்தது வேறு. சூடு வரவில்லை என்றால் ஹீட்டர் காயில் போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, புதிய காயிலுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஒரு வாரம் அம்மாவின் கயிற்றில்தான் துணி காய்ந்தது. பார்சல் வந்த அன்று, பழையதைக் கழற்றும் முன் ஒரு வயரை உருவிவிட்டு அதன் மின்தடையை அளந்தேன். 10.4 ஓம். தகட்டில் 240 வோல்ட், 5600 வாட் என்று போட்டிருக்கிறது. 240-ஐ 240-ஆல் பெருக்கி 5600-ஆல் வகுத்தால் 10.3. அதாவது, காயில் பத்தரைமாற்றுத் தங்கம். சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டுகள் இரண்டும் சரி. முதலில் அளந்துவிட்டுப் பிறகு வாங்கியிருக்க வேண்டும் என்பது கணக்குப் பிள்ளைக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.

அப்பாவை அழைத்தேன்.

"லைன் பார்த்தாயா கண்ணு?"

"டிரம் சுற்றுகிறதே அப்பா. லைன் இல்லாமலா சுற்றும்?"

"எத்தனை லைன்?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. அமெரிக்க வீட்டுக்கு வரும் 240 வோல்ட் என்பது இரண்டு பேஸ் கம்பிகள். நியூட்ரலோடு பார்த்தால் ஒவ்வொன்றும் 120. இந்த டிரையரின் மோட்டாரும் டைமரும் ஒரு கம்பியோடும் நியூட்ரலோடும் திருப்தியடைந்துவிடும். காயிலுக்கு இரண்டு கம்பிகளும் வேண்டும். ஒன்று போனால் டிரம் பாட்டுக்குச் சுற்றும், சூடு மட்டும் வராது. அப்பா அமெரிக்க வயரிங்கைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனால் மூன்றில் ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓட்டிக் கருக்கிய பம்ப் மோட்டார்கள்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டன.

பிரேக்கரை இறக்கி, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, முதுகுப்புறம் இருக்கும் சின்ன மூடியின் ஒற்றைத் திருகைக் கழற்றினேன். மூன்று பித்தளைத் திருகுகள் வரிசையாக இருந்தன. இடது, நடு இரண்டும் மங்கிய மஞ்சள். வலது கருத்திருந்தது. அதன் கீழ் மாட்டியிருந்த வளையம், அடுப்பில் மறந்த வாணலியின் அடியைப்போல் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. வயரின் உறையைத் தொட்டேன். அப்பளம்போல் நொறுங்கிக் கையில் வந்தது. திருகை விரலாலேயே அரைச் சுற்று சுற்ற முடிந்தது.

காயில் ஓடும்போது 23 ஆம்பியர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். தளர்ந்த திருகில் அது சூடாகும்; சூட்டில் விரிந்து சுருங்கி மேலும் தளரும். பின்னட்டையைப் புரட்டினேன். 'புது வயர், 2003.' மாட்டியவர் யாரோ, கடைசிச் சுற்றை முடுக்காமல் போயிருக்கிறார். பாட்டி கூலி கொடுத்துத் தேதியும் எழுதியிருக்கிறார். துடைக்க முடிந்த இடத்தையெல்லாம் துடைத்தவரால் இந்த மூடிக்குள் எட்டிப் பார்த்திருக்க முடியாது.

அந்த மூன்று திருகுகளும் உட்காரும் டெர்மினல் பலகை புதிதாக வாங்கினால், விலை ஒரு மசால்தோசை, காப்பிக்குச் சமம், கொலம்பஸ் விலையில். ஆனால் பழையபடி மூன்று வயரே மாட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஏற்பாட்டில் பெட்டியின் தகரத்தையும் நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் தகரமே ஷாக் அடிக்கும். 1996-ஆம் ஆண்டு அமெரிக்க மின் விதித்தொகுப்பிலிருந்து புதிதாக இழுக்கும் இணைப்புகளுக்கு எர்த் தனியாக, நான்கு வயர் கட்டாயம். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்துப் புதிய கேபிள் இழுத்தேன். தகரத்தையும் நியூட்ரலையும் இணைத்த பட்டையை மறக்காமல் கழற்றினேன். இதைச் செய்யாமல் நான்கு முள் பிளக்கை மட்டும் மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

சூடு வந்துவிட்டது. தொப் தொப் நிற்கவில்லை.

இந்த டிரையரைத் திறப்பது ஒரு சுகம். மேலே பஞ்சு வடிகட்டியை உருவினால் அதனடியில் இரண்டு திருகுகள். சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டை மேல்மூடியின் இடுக்கில் முன்பக்கமாகச் செருகி நெம்பினால், 'டக்', 'டக்' என்று இரண்டு கொக்கிகள் விட்டுக்கொடுக்கும்; மூடி டிரங்குப் பெட்டியைப்போல் பின்னால் சாயும். உள்ளே மூலைக்கு ஒரு திருகு, கதவு சுவிட்சின் வயர், அவ்வளவுதான். முன்பலகை கையோடு வந்துவிடும். டிரம்மின் முன்பக்கம் அந்தப் பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்தால் அது காலில் விழும். எனக்குப் பாதி மறந்தது, முழங்கால் தாங்கிக்கொண்டது.

மாடல் எண் 110 என்று தொடங்குகிறது. கென்மோர் என்பது சியர்ஸ் வைத்த பெயர்தான்; பெட்டியைச் செய்தது வேறு நிறுவனம். 110 என்றால் வேர்ல்பூல் செய்து கொடுத்தது. அவர்களுடைய டிரையர் தொழிற்சாலை இங்கிருந்து வடக்கே 50 மைல் தொலைவில், மேரியன் ஊரில் இருக்கிறது. அங்கேதான் இது பிறந்திருக்க வேண்டும். மேரியனுக்கு நாங்கள் ஒருமுறை போயிருக்கிறோம், பழைய அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கின் வீட்டைப் பார்க்க. பையன் பாப்கார்ன் அருங்காட்சியகத்தை மட்டும்தான் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறான்.

டிரம்மை வெளியே எடுத்ததும் நான் கண்டது பஞ்சு. மோட்டாரைச் சுற்றி, தரைத்தகட்டின் மூலைகளில், வயர்களின் மேல், சாம்பல் நிறப் பஞ்சு. கோவைக்காரிக்குப் பஞ்சு புதிதல்ல; மில்லிலிருந்து வீடு திரும்பும் பெரியப்பாவின் புருவத்தில்கூட ஒட்டியிருக்கும். பஞ்சுக்குத் தீ என்றால் எவ்வளவு ஆசை என்பதும் தெரியும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் வீட்டு டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள் என்று கணக்கிட்டது. காரணங்களில் முதலிடம், சுத்தம் செய்யாமல் விட்டது. பாட்டி குழாயைத் தவறாமல் சுத்தம் செய்தார். பெட்டியின் வயிற்றுக்குள் யாரும் சுத்தம் செய்த மாதிரி தெரியவில்லை, பெல்ட் மாற்ற வந்தவர்கூட. அள்ளிய பஞ்சு ஒரு தலையணைக்குக் காணும். அதற்குள் ஒரு சென்ட் காசு, இரண்டு கொண்டை ஊசி, மஞ்சள் வாத்துத் தலை வைத்த ஒரு ஊக்கு. குழந்தைகளுக்குத் துணி கட்டிய காலத்து ஊக்கு அது. கழுவி, ரசீது இருந்த பையிலேயே போட்டு வைத்தேன்.

தொப் தொப் வந்தது பின்பக்கத்து ரோலர்கள் இரண்டிலிருந்து. ரப்பர் கல்லாக இறுகி, ஓரிடத்தில் தட்டையாகியிருந்தது. கீச்சு, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னக் கப்பியின் அச்சிலிருந்து. ரோலரைப் பிடித்திருக்கும் முக்கோண வளையத்தை நெம்பினேன். அது 'டிங்' என்று பறந்து தண்ணீர் சூடாக்கியின் பின்னால் போனது. நல்லவேளை, புதிய ரோலர்களோடு வளையங்களும் வந்தன. அச்சைத் துடைத்து ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இரண்டாவது சொட்டு விட்டால் பஞ்சைக் கூப்பிட்டு ஒட்டவைத்த மாதிரி.

பெல்ட் மாட்டுவதுதான் பெரும்பாடு. 92 அங்குலச் சுற்றளவு, விரல் அகலம்கூட இல்லை. வரிப்பள்ளம் இருக்கும் பக்கம் டிரம்மைத் தொட வேண்டும். கப்பிக்கு அடியில் மடக்கி நுழைத்து மோட்டாரின் பல்லில் மாட்ட வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, கையை மட்டும் உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் செய்யும் வேலை. கைபேசியில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை தவறியபோது, "நீ அவசரப்படுகிறாய், சாமி" என்றார். ஐந்தாவது முறை மாட்டியது. அவர் அதற்குள் தூங்கிவிட்டார், அங்கே நள்ளிரவு.

திறந்து வைத்திருந்த நாள்களில் நான் மயங்கிப்போனது ஒரு விஷயத்தில்: இதில் கம்ப்யூட்டர் கிடையாது, ஈரத்தைத் தொட்டறியும் கருவி கிடையாது. ஆனாலும் 'ஆட்டோ'வில் வைத்தால் துணி காய்ந்ததும் தானே நிற்கும். எப்படி? காயிலுக்குத் தெர்மோஸ்டாட் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை டைமரின் குட்டி மோட்டாருக்கு எதுவும் கிடைக்காது. தெர்மோஸ்டாட் அதைத் துண்டித்தால்தான் டைமர் நகரும். துணி ஈரமாக இருக்கும்போது சூட்டையெல்லாம் ஈரமே குடித்துவிடும். காற்று சூடேறாது, டைமரின் குமிழ் அசையாமல் நிற்கும். ஈரம் வற்ற வற்றக் காற்று 155 பாரன்ஹீட்டைத் தொடும், அதாவது 68 செல்சியஸ். 'டிக்'. குமிழ் மயிரிழை நகரும். 130-க்கு இறங்கியதும் மறுபடி 'டிக்', குமிழ் நின்றுவிடும். இப்படிச் சில 'டிக்'குகள் கழித்து மணி அடித்து ஓயும். வெல்லப்பாகு காய்ச்சும் வெப்பமானியை வெளிக்குழாயில் வைத்து அளந்தேன்; 157-இல் 'டிக்' என்றது. ஐம்பது வயதுத் தெர்மோஸ்டாட்டுக்கு 2 டிகிரி பிசகு. என் மூட்டுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள்குழாயை எறிந்துவிட்டு 4 அங்குலத் தகரக்குழாய் மாட்டினேன். பெயின்ட் அடிக்கவில்லை. மேல்மூடியில் சோப்புத் தூள் டப்பா வைத்த இடத்தில் வட்டமாகத் துரு இருந்தது. பாட்டி மேஜைத்துணி விரித்ததன் ரகசியம் அதுதான். அதைத் தேய்த்து, கார் மெழுகு பூசி, மேலே அதே துணியை விரித்துவிட்டேன்.

வாங்கிய காயில் பரணில் இருக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது.

டிரம்முக்குள் எரிய வேண்டிய விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை. பல்பு நல்ல பல்பு. கதவு சுவிட்சில் இரண்டாவது முனை தொடுவதில்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்கிறேன், இன்னும் அளக்கவில்லை. அதுவரை ஒற்றைக் காலுறைகளை டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.