ஒரே கேமரா, மூன்று விளம்பரம்

பழைய ஃபிலிம் கேமராவும் லென்ஸும் வாங்கி விற்பதுதான் என் பிழைப்பு. கடை கிடையாது. சென்னையில் வீட்டிலேயே ஒரு அறை, இரண்டு பீரோ, ஒரு மேஜை விளக்கு, அவ்வளவுதான். விற்பது ஓஎல்எக்ஸ், இன்ஸ்டாகிராம், ஈபே என்று மூன்று இடத்தில். "ஒரே சரக்கை மூணு இடத்துல போட்டா மூணு மடங்கு வியாபாரம்தானே" என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படியெல்லாம் இல்லை. புதுச் சரக்கு விற்கிறவரிடம் ஒரே பொருள் நூறு இருக்கும், ஒரு தடவை படம் எடுத்து ஒரு தடவை விவரம் எழுதினால் நூறும் போய்விடும். எங்களுக்கு எல்லாமே ஒற்றைப் பொருள். ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனி விவரம், தனி விலை. அதையும் மூன்று இடத்துக்கு மூன்று விதமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கெல்லாம் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சந்தேகப்படுகிறவர்கள். என் நேரத்தில் பாதிக்கு மேல் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்வதிலேயே போகிறது.

முதலில் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு விடியற்காலையில் போனால் ஏதாவது கிடைக்கும், ஆனால் அங்கே இப்போது எல்லோரும் கையில் போனை வைத்துக்கொண்டு கூகுளில் விலை பார்க்கிறார்கள், விற்கிறவரும் பார்க்கிறார். அதனால் நல்ல சரக்கு பெரும்பாலும் வீடுகளிலிருந்தும், மூடிவிட்ட ஸ்டுடியோக்களிலிருந்தும்தான் வருகிறது. கும்பகோணம், காரைக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு யாஷிகா மேட் 124ஜி அல்லது சீன சீகல் வைத்துக்கொண்டு போனவர்கள் இன்னும் அந்தக் கேமராவைக் கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவது எளிது. "ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம் தம்பி, ஒண்ணுகூட வீணாக்க மாட்டோம்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே ஷட்டரைத் தட்டிக் காட்டினார். எந்த ஸ்பீடு ஒட்டிக்கொள்ளும், எதில் கோளாறு என்று அவரே சொல்லிவிட்டார். விலையும் நியாயமாகக் கேட்டார்.

வீடுகள் வேறு கதை. மேற்கு மாம்பலத்தில் ஒரு அம்மா பீரோவிலிருந்து யாஷிகா எலக்ட்ரோ 35 ஒன்றை எடுத்து வைத்தார். "எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேருந்து வாங்கிட்டு வந்தது தம்பி. இப்ப ஆன்டிக் ஆயிடுச்சாம், லட்சம் போகும்னு பையன் சொன்னான்."

"யார் என்ன விலை கேட்கிறாங்கன்னு பார்க்காதீங்கம்மா, என்ன விலைக்குப் போச்சுன்னு பாருங்க" என்று சொல்லி, ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதியைத் தட்டிக் கொடுத்தேன். கேட்கிற விலைக்கும் போன விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே ஸ்க்ரோல் செய்து பார்த்தார். நான் வாயால் சொல்லியிருந்தால் ஏமாற்றுகிறான் என்றுதான் நினைத்திருப்பார். நினைப்பதில் தப்பும் இல்லை.

அப்புறம் சோதனை. எலக்ட்ரோ 35 என்பது 1960களின் நடுவில் வந்த ஜப்பான் கேமரா, ஷட்டர் வேகத்தை அதுவே மின்னணு முறையில் தீர்மானிக்கும். உள்ளே ஒரு சின்ன ரப்பர் பேட் இருக்கிறது, வயதானால் அது பொடிந்துவிடும். அதைப் பார்க்கக் கேமராவைப் பிரிக்க வேண்டியதில்லை, ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளினால் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் தனியாகக் கேட்கும். கேட்டால் பேட் இருக்கிறது. வழவழவென்று சத்தமில்லாமல் லீவர் போனால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு வந்துகொண்டிருந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, 4எல்ஆர்44 பேட்டரியை ஒரு அடாப்டரில் வைத்துப் போட்டால் ஓடும். அடுத்தது லென்ஸ். பின்மூடியைத் திறந்து, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சென்னை ஈரக்காற்றில் தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்காகக் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை போல ஃபங்கஸ் படர்ந்திருக்கும். உறைதான் கேமராவைக் காப்பாற்றும் என்று எல்லா வீட்டிலும் நம்புகிறார்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதுதான். மாம்பலத்துக் கேமராவில் 'டொக்' இருந்தது, லென்ஸ் ஓரத்தில் லேசாக ஃபங்கஸும் இருந்தது. இரண்டையும் அந்த அம்மாவிடம் காட்டித்தான் விலை பேசினேன்.

இந்த ஒரே கேமராவை மூன்று இடத்தில் எப்படி எழுதுவேன் என்று பாருங்கள்.

ஓஎல்எக்ஸில் விவரம் நாலு வரிதான். யாரும் படிப்பதில்லை. "ஜப்பான் கேமரா, வேலை செய்கிறது, நேரில் வந்து பார்க்கலாம்." இதில் கடைசி வாக்கியம்தான் விற்கும். அங்கே வருகிறவருக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை இல்லை, கையில் எடுத்து எடை பார்க்க வேண்டும், லீவரை இழுக்க வேண்டும், காதில் சத்தம் விழ வேண்டும். "இருக்கா?" என்று மெசேஜ் வரும், இருக்கிறது என்று சொன்ன அடுத்த நொடி "கடைசி விலை என்ன?" பொருளைப் பார்க்காமலே கடைசி விலை கேட்கிறவர் வாங்கவே மாட்டார் என்பது என் கணிப்பு, பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பேரம் பேசத்தான் வருவார்கள் என்று தெரிந்து கொஞ்சம் ஏற்றிப் போடுவேன், அவர்களுக்கும் அது தெரியும், குறைத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் வியாபாரம் நடந்த மாதிரி இருக்கும். பேசிப் பேசி வாங்கிப் போனவர் திரும்பக் கூப்பிட்டுக் குறை சொல்வது அபூர்வம், ஏனென்றால் அவரே பார்த்துத்தான் எடுத்தார்.

அங்கே பயம் வேறு மாதிரி. மிலிட்டரிக்காரர் என்று சொல்லிக்கொண்டு போன் வரும், ஐடி கார்டு படம் அனுப்புவார்கள், பேரமே பேசாமல் கேட்ட விலைக்குச் சம்மதிப்பார்கள், பிறகு "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். பணம் வாங்க யாரும் யுபிஐ பின் போட வேண்டியதில்லை, பின் கேட்டாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். போலீஸும் பேங்கும் எத்தனையோ முறை சொல்லியும் இது இன்னும் நடக்கிறது. பழைய சரக்கு விலையைக் குறைக்காமல் ஒருவன் வாங்குகிறேன் என்றால் அங்கேயே போனை வைத்துவிடலாம்.

இன்ஸ்டாகிராமில் விலை முதல் கேள்வியே இல்லை. வருகிறவர்கள் கல்லூரிப் பையன்கள், பெண்கள், கல்யாண போட்டோ எடுக்கிற இளவட்டங்கள். "அண்ணா, இதுல எடுத்த படம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. அதனால் விற்பதற்கு முன்னால் ஒரு ரோலாவது எடுத்துக் காட்ட வேண்டும், ஃபிலிம் விற்கிற விலைக்கு அதுவே ஒரு செலவு. பிறகு ஃபிலிம் எங்கே கிடைக்கும், எங்கே கழுவுவார்கள், பின்மூடியைத் தெரியாமல் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று ராத்திரி பதினோரு மணிக்கும் கேட்பார்கள். ஜெனித் இ என்று ஒரு சோவியத் கேமரா உண்டு, இரும்புத் துண்டு மாதிரி கனக்கும், வெளிச்சம் அளக்கிற மீட்டருக்குப் பேட்டரியே வேண்டாம். அதோடு பெரும்பாலும் வந்த ஹெலியோஸ் 44-2 லென்ஸ் பின்னணியைச் சுழி சுழியாகக் காட்டும். அந்தச் சுழிக்காகவே வாங்குகிறார்கள், அடாப்டர் போட்டுப் புது டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொள்கிறார்கள். லென்ஸ் போய்விடும், கேமரா என் பீரோவில் உட்கார்ந்திருக்கும். ஓஎல்எக்ஸில் அதே ஜெனித்தைப் பார்த்த ஒருவர், ஷோகேஸில் வைக்க லென்ஸோடு சேர்த்துக் கேட்டார். அவருக்கு லென்ஸ் என்னவாக இருந்தால் என்ன? இன்ஸ்டாகிராமில் சந்தேகம் பொருள் மேல் இல்லை, ஆள் மேல்தான். நான் யார், யாருக்கு விற்றிருக்கிறேன், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருவருக்குச் சரியாகச் செய்தால் அவர் கோயம்புத்தூரிலிருந்து இன்னொருவரை அனுப்புவார். ஒருவருக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அதுவும் அதே வேகத்தில் பரவும்.

ஈபேயில் பேச்சே கிடையாது. இங்கே இயங்கிவந்த ஈபே.இன் தளத்தை 2018 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். இப்போது நாம் விற்பது வெளிநாட்டுத் தளங்களில், வெளிநாட்டு ஆளுக்கு. அவர் வந்து தொட்டுப் பார்க்கப் போவதில்லை, என் முகமும் அவருக்குத் தேவையில்லை, எழுதியதை ஒரு வரி விடாமல் படிப்பார். மாம்பலம் எலக்ட்ரோவுக்கு அங்கே எழுதிய விவரத்தில் பாதிக்கு மேல் குறைதான். லென்ஸின் எந்த ஓரத்தில் ஃபங்கஸ், டார்ச் இல்லாமல் பார்த்தால் தெரியுமா, மேல்தட்டில் கீறல், ஃபோகஸ் சரிபார்க்கிற ரேஞ்ச்ஃபைண்டர் புள்ளி எவ்வளவு மங்கல், பேட்டரி இல்லை, அடாப்டர் இல்லை. சொல்லாமல் விட்ட ஒரு கீறலுக்காக, வந்த பொருள் எழுதியபடி இல்லை என்று 30 நாளுக்குள் அவர் திருப்பலாம், திரும்பி வரும் தபால் செலவும் என் தலையில். விற்கிறவர் வாங்கியவருக்குக் கெட்ட மதிப்பீடு கொடுக்கவும் 2008லிருந்து அங்கே முடியாது. நம்ம ஊரில் குறையைச் சொன்னால் விலை இறங்கும், அங்கே குறையைப் பட்டியல் போட்டால்தான் விலை நிற்கிறது. இந்த வித்தியாசம் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அதற்காக எல்லா வாங்குகிறவரும் யோக்கியர் என்றில்லை. நான் அனுப்பிய லென்ஸ் ஒன்று, "வேலை செய்யவில்லை" என்று திரும்பி வந்தது இன்னொன்று. அனுப்பும்போதே சீரியல் எண்ணைப் படம் எடுத்து விளம்பரத்திலேயே போட்டிருந்ததால் தப்பித்தது. இப்போது எல்லாவற்றுக்கும் அப்படித்தான். எண் தெரியும் படம், டார்ச் அடித்த படம், பெட்டியில் வைத்து மூடுகிற வீடியோ.

மூன்று இடத்திலும் ஒரே பொருள் ஒரே நேரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பது ஊகிக்கக்கூடியதே. நாம் தூங்கும் நேரத்தில் அமெரிக்கா விழித்திருக்கிறது. ராத்திரி அங்கே ஒருவர் பணம் கட்டிவிடுவார், காலையில் தாம்பரத்திலிருந்து ஒருவர் பைக்கில் கிளம்பி வந்துகொண்டிருப்பார். இதற்கென்று சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஓஎல்எக்ஸோடு அது பேசாது. அதனால் வரிசை வைத்திருக்கிறேன். வாங்கியதும் முதலில் இன்ஸ்டாகிராம், அங்கே போகாவிட்டால் ஓஎல்எக்ஸ், அதையும் எடுத்த பிறகுதான் ஈபே. கொஞ்சம் நாள் வீணாகும், ஆனால் யாரிடமும் "சாரி சார், வித்துப் போச்சு" என்று சொல்ல வேண்டியிருக்காது. உள்ளூரில் முன்பணம் தராதவருக்கு எடுத்து வைப்பதில்லை.

வெளிநாட்டுக்குப் போகாத சரக்கும் உண்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், கைவினைப்பொருள் மாதிரியானவற்றை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாம் பாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த, மரமும் பித்தளையுமாக இருக்கிற பழைய பிளேட் கேமரா வந்தால் அதை உள்ளூரிலேயே விற்றுவிடுவேன். அது தொல்பொருளா இல்லையா என்று சான்றிதழுக்கு அலைவதற்கு லாபம் போதாது. வரியில் மட்டும் ஒரு நல்ல விஷயம் உண்டு. பழைய பொருள் வாங்கி விற்கிறவருக்கு ஜிஎஸ்டி முழு விலைக்கு இல்லை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான், வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்காமல் இருந்தால். ஜிஎஸ்டி விதி 32(5). நஷ்டத்துக்கு விற்றால் வரியே இல்லை. அந்த விதியை எழுதியவர் வீட்டில் யாரோ காயலான் கடை வைத்திருந்திருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் கடைசியில் எல்லாம் மாறியது. 800 டாலர் வரைக்கும் சுங்கம் இல்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகையை அமெரிக்கா எடுத்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்பே இந்தியத் தபால் துறை, முதலில் கடிதமும் சின்னப் பரிசுப் பொருள்களும் தவிர, பிறகு அவற்றையும் சேர்த்து, அங்கே போகும் தபாலை நிறுத்திவிட்டு அக்டோபர் 15இல்தான் மறுபடி ஆரம்பித்தது. ஆரம்பித்தபோது, அறிவித்த மதிப்பில் 50 சதவீதம் சுங்கத்தை இங்கேயே கட்டிவிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் வந்த மெசேஜ்களில் பாதி, "கிஃப்ட் என்று எழுதி அனுப்ப முடியுமா, விலையைக் குறைத்துப் போட முடியுமா" என்பதுதான். பொய் எழுதி மாட்டினால் மாட்டுவது நான், அவரல்ல. எல்லோருக்கும் ஒரே பதில்தான் அனுப்பினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை.

அதனால் முன்பெல்லாம் யோசிக்காமல் அமெரிக்காவுக்கு அனுப்பிய யாஷிகா மேட்கள் இப்போது இன்ஸ்டாகிராமிலேயே நிற்கின்றன. விலை குறைவுதான், ஆனால் பெட்டி கட்டும் வேலை பாதி, திரும்பி வருமோ என்ற கவலையும் இல்லை. பையன்களுக்கு அந்த விலையும் அதிகம், தவணையில் தர முடியுமா அண்ணா என்று கேட்கிறார்கள். கேமராவைக் கொடுத்துவிட்டுத் தவணை வாங்குவதா, தவணை முடிந்த பிறகு கேமராவைக் கொடுப்பதா என்பதில் மட்டும் பேச்சு முடியாமல் இருக்கிறது. இரண்டாவதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டால் அடுத்த மாதமே ஆரம்பிக்கலாம்.