திறப்பு கோணலானால் லெக் ஸ்ட்ராப்பை முதலில் பாருங்கள்

பாராசூட் திறக்கும்போது ஒரு பக்கமாகச் சுழன்றால் பழி முதலில் பேக் செய்தவர் தலையில் விழும். அடுத்தது கேனபி, அதாவது மேலே விரியும் துணி. உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டைகளான ஹார்னஸைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. சென்னையில் இருந்துகொண்டு துபாய், பட்டாயா, ஹரியானாவின் நார்நால் என்று போய்க் குதிப்பவர்கள் ரிக்கை, அதாவது முழுப் பாராசூட் கருவியை, எங்களிடம் சரிபார்க்கத் தரும்போது அடிக்கடி சொல்வது, "எப்பப் பார்த்தாலும் லெஃப்ட்லயே திரும்புதுங்க." தினமும் ஒரே பக்கம் என்றால் அது பேக்கிங் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பேக்கிங் பிழை இன்று இடம், நாளை வலம் என்று மாறும். ஒரே பக்கம் இழுப்பது பெரும்பாலும் ஹார்னஸ், உடம்பு உட்காரும் விதம், அல்லது கேனபியைத் தாங்கும் கயிறுகளான லைன்களின் நீளம்.

ஏன் என்பதற்குப் பாராசூட் திறக்கும் அந்த மூன்று நான்கு வினாடிகளைப் பார்க்க வேண்டும். மணிக்கு சுமார் 190 கிலோமீட்டரில் விழும் உடம்பின் வேகம் அந்த நேரத்துக்குள் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்குக் குறைகிறது. அத்தனை சுமையும் தோளையும் லைன்களையும் இணைக்கும் இரண்டு ரைசர் பட்டை வழியாகத்தான் மேலே போகிறது. ஸ்லைடர் (கேனபி மெல்ல விரியும்படி லைன்கள் வழியே இறங்கும் சிறு துணி) இன்னும் மேலேயே நிற்கும் கட்டத்தில் கேனபிக்கு உருவம் வந்திருக்காது. எந்தத் தோளில் சுமை அதிகமோ அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். ஒரு சங்கிலி குட்டையான ஊஞ்சலில் பலகை எப்படிச் சாயுமோ, அப்படித்தான் இதுவும்.

எவ்வளவு சாயும் என்பது கேனபியைப் பொறுத்தது. 75 கிலோ ஆள், 12 கிலோ கருவி என்றால் மொத்தம் 87 கிலோ, அதாவது சுமார் 192 பவுண்டு. 190 சதுர அடி கேனபியில் இது 1.0 லோடிங் (ஒரு சதுர அடிக்கு ஒரு பவுண்டு), லெக் ஸ்ட்ராப் எனும் தொடைப் பட்டை இரண்டு சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வாக இருந்தாலும் அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதே ஆள் 135 சதுர அடி எலிப்டிகலுக்கு (ஓரம் வளைந்த, வேகமான கேனபிக்கு) போனால் 1.4. அதே இரண்டு சென்டிமீட்டர் அங்கே லைன் ட்விஸ்ட், அதாவது லைன்கள் முறுக்கிக்கொள்வது வரை கொண்டுபோகலாம். "பழைய கேனபியில இந்தப் பிரச்சினை இல்லையே" என்பவர்களுக்குப் பதில் இதுதான். பிரச்சினை அப்போதும் இருந்தது, பெரிய துணி அதைக் காட்டவில்லை.

லெக் ஸ்ட்ராப்பை எல்லாரும் நின்றபடி இறுக்குகிறார்கள். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் கூடுதலாக இறுகிவிடும். இரண்டையும் இறுக்கிய பிறகு ஒருமுறை குந்தி எழுந்து, மறுபடி இழுத்து, இரண்டு பக்கமும் மிஞ்சும் வெப்பிங் (பட்டை நாடா) நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இதைச் செய்தும் குதித்து முடிக்கும்போது ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் ஹார்ட்வேர் நழுவுகிறது. பக்கிளின் பல் மழுங்கியிருக்கும், அல்லது வெப்பிங் நைந்து மெலிந்திருக்கும். இறுக்கிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுக் குதித்தால் எவ்வளவு நழுவியது என்று தரையில் தெரிந்துவிடும்.

அடுத்தது மெயின் லிஃப்ட் வெப், தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் அந்த நெடு நாடா. சரியான அளவில் த்ரீ ரிங் (ரைசரை ஹார்னஸோடு பூட்டும் மூன்று வளையம்) காறையெலும்புக்குக் கீழே உள்ள குழியருகே நிற்கும். நீளம் அதிகமானால் திறந்ததும் ரிங் காதருகே ஏறிவிடும், ஆள் உள்ளே தொங்கிப்போவார். திருப்பவும் பிரேக் போடவும் இழுக்கும் டாகிள் எட்டாது; எட்டிப் பிடிக்க ஒரு கையை நீட்டும்போதே தோள் சாய்ந்து கேனபி திரும்பும். அதைவிட மோசம், கோளாறான கேனபியைக் கழற்றிவிடும் கட் அவே கைப்பிடியும் மாற்றுப் பாராசூட்டைத் திறக்கும் ரிசர்வ் கைப்பிடியும் வெப்போடு சேர்ந்து மேலே போய்விடும். கை தேடும் இடத்தில் அவை இருக்காது. வெளிநாட்டில் ஆறடி ஆளுக்குத் தைத்த ரிக்கை விலை மலிவு என்று வாங்கி வருபவர்களிடம் இதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

ஹார்னஸை முதுகுப் பையோடு இணைக்கும் பக்கப் பட்டையான லேட்டரல் தளர்ந்திருந்தால், கன்டெய்னர் எனும் அந்தப் பை முதுகை விட்டு விலகும். வயிறு கீழாக விழுபவருக்கு அது வெறும் ஆட்டம். தலைகீழாகப் பறப்பவருக்கு, நகரும் கன்டெய்னர் என்றால் நேரம் தவறித் திறக்கும் அபாயம். தொடைப் பட்டைகளைப் பின்புறம் இணைக்கும் எலாஸ்டிக்கும் அற்பமல்ல. அது இல்லாவிட்டால் பட்டைகள் முழங்காலை நோக்கி வழுக்கும். தலை தாழ்ந்த நிலையில் திறந்தால் ஆளே ஹார்னஸிலிருந்து நழுவக்கூடும்.

இடுப்பருகே வைக்கும் வளையமான ஹிப் ரிங் வேண்டுமா என்று கேட்கிறார்கள். ரிங் இருந்தால் தொடைப் பட்டை தனியாக அசையும். ஒரு இடுப்பை அழுத்தி மறுபக்கத் தொடையைத் தூக்கினாலே கேனபி திரும்பும், டாகிளைத் தொட வேண்டாம். ஆனால் அந்த வழி இரண்டு பக்கமும் திறந்தது. திறக்கும் நேரத்தில் கால்கள் சமமில்லாமல் இருந்தால் அதையும் அப்படியே மேலே அனுப்பும். 1.0 லோடிங்கில் ஹிப் ரிங் உட்காரச் சுகம், அவ்வளவுதான். காசை நல்ல அளவெடுப்புக்குச் செலவழிக்கலாம்.

செஸ்ட் ஸ்ட்ராப் (மார்புப் பட்டை) கதை வேறு. திறக்கும்போது அது கச்சிதமாக இருக்க வேண்டும். திறந்து, கேனபி கட்டுப்பாட்டில் உள்ளது என்று உறுதியாகி, ஸ்லைடரையும் இறக்கிய பிறகு தளர்த்தினால் ரைசர்கள் அகன்று கேனபி சற்றுத் தட்டையாகும், கூடுதல் தூரம் போகும், இடுப்பு அசைவுக்கும் நன்றாகக் கீழ்ப்படியும். தளர்த்துவது வேறு, கழற்றுவது வேறு. முனை மடித்துத் தைத்திருக்கிறதா என்று பார்க்காமல் தளர்த்தக் கூடாது. மடிப்பு இல்லாத பட்டை பக்கிளைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும்.

தரையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஆள் எடையைத் தாங்கும் உத்தரத்தில் ஒரே உயரத்தில் இரண்டு ரைசர்களையும் மாட்டி, உரியவரையே தொங்கவிட்டு, தரையிலிருந்து இரண்டு பெரிய ரிங்குகளின் உயரத்தை டேப்பால் அளக்க வேண்டும். சமமில்லாவிட்டால் லெக் ஸ்ட்ராப்பைத் திருத்தி மறுபடி அளக்கலாம். கண்ணை மூடச் சொல்லி இரண்டு கைப்பிடியையும் தொடச் சொல்வதும் அப்போதே. ரிங் சமம், ஆனாலும் காற்றில் திரும்புகிறது என்றால், போதிய உயரத்தில் பிரேக் முழுக்க விட்ட நிலையில் இடுப்பைச் சற்று மாற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். திருப்பம் நின்றால் காரணம் உட்காரும் விதம். நிற்காவிட்டால் லைன் அளவு எடுக்கும் வேலை நமக்கு.

நம்ம ஊர் வியர்வையும் உப்புக் காற்றும் தனிக் கணக்கு. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வீட்டில் வைத்த ரிக்கில் ஹார்ட்வேர் துரு சீக்கிரம் எட்டிப் பார்க்கும். துருக்கறை பட்ட நைலான் பலம் இழக்கும். த்ரீ ரிங்கை மாதம் ஒருமுறை கழற்றி, ரைசர் வெப்பிங்கை வளைத்து நெளித்து, கட் அவேயின் மஞ்சள் கேபிளைத் துடைத்து லேசாகச் சிலிக்கான் தடவினால் கட் அவே கடினமாகாது. வெயிலில் காயவைப்பவர்களும் உண்டு. வெயில் நைலானுக்கு விஷம். ஃபேன் காற்று போதும்.

அளவு பொருந்தாத ஹார்னஸை உள்ளூரில் வெட்டித் தைக்கலாமா என்ற கேள்வி வராத மாதமில்லை. பேட்டர்ஸ் ரோடில் சீட் கவர் தைப்பவரிடம் கனமான மெஷின் இருக்கிறது, கை சுத்தமும் இருக்கிறது. ஆனால் 4,000 பவுண்டு தாங்கும் டைப் 8 வெப்பிங்கில் எந்த நூல், அங்குலத்துக்கு எத்தனை தையல், எந்த வடிவம் என்பதைத் தயாரிப்பாளர்தான் வகுத்திருக்கிறார். பழைய தையலைப் பிரித்த துளைகளும் வெப்பிங்கைப் பலவீனமாக்கும். அதனால் மெயின் லிஃப்ட் வெப் மாற்றம் தயாரிப்பாளரிடமோ, அதற்கான தகுதி பெற்ற பாராசூட் பழுதுபார்ப்பவரான ரிக்கரிடமோதான் போக வேண்டும். அனுப்பும்போது பழைய அளவை மட்டும் எழுதாமல் உயரம், எடை, தோள் முதல் தொடை இடுக்கு வரை, மார்பு, தொடைச் சுற்றளவு எல்லாவற்றையும் இன்னொருவரை வைத்து அளந்து எழுதி அனுப்புங்கள். தன்னைத் தானே அளந்துகொள்பவர் குனிந்து டேப்பைப் பார்ப்பார், உடம்பின் நீளம் அங்கேயே குறைந்துவிடும்.