லண்டனில் ஆடிய ஊசல்

பழைய மாணவர் சங்கத்து மலர்க்குழுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, சேரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார். எந்தச் சேர் என்று நான் கேட்கவில்லை. பள்ளியில் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த ஆய்வுகூடத்துச் சேர் மார்கழியில் காலமான செய்தி எங்கள் 82 அணியின் வட்சப் குழுவில் முதல்நாளே வந்துவிட்டது. கீழே நாற்பது பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். இரவு படுத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்கு விளங்காது, 'பூச்சியவழு' என்றால்தான் தெரியும். சின்ன நீளங்களை அளக்கிற வேணியர் இடுக்கியைக் கையில் தரும்போது "பூச்சிய வழு பார்த்தீரோ?" என்பார், ஒன்றையும் அளக்காதபோதே கருவி பூச்சியம் காட்டாத பிழைதான் அது. முதலாம் பாடத்துக்குப் பிந்தி வந்தவனிடமும், "உம்மட மணிக்கூட்டில பூச்சிய வழுவோ?" என்பார். நிறைப்பெட்டியில் இருக்கிற படியை, அதாவது நிறுவைக் கல்லை, யாராவது சாவணம் என்கிற சின்னக் குறடு இல்லாமல் விரலால் தொட்டுவிட்டால் அவர் முகம் போகிற போக்கை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

அவருக்குப் பட்டம் வைத்தது நாங்கள். எனக்குப் பட்டம் வைத்தது அவர். சங்கத்து இராப்போசனத்தில் இன்றைக்கும் என்னை 'லண்டன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் 84இல் இங்கே வந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. விசாவுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எளிய ஊசல் செயன்முறை. நூல், குண்டு, இரண்டாகப் பிளந்த தக்கை, மேற்குப் பக்க யன்னலால் வருகிற காற்று. 20 ஆட்டத்துக்கு நேரம் எடுத்து, நீளத்தை மாற்றி மாற்றி எடுத்து, வரைபு கீறி, புவியீர்ப்பு ஆர்முடுகலை, அதாவது விழுகிற பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடுகிற அளவை, காண வேண்டும். நான் கண்டது 9.64. புத்தகத்தில் இருந்தது 9.81. பக்கத்து வாங்குக்காரனுக்கு 9.79 வந்துவிட்டது, அவன் அதைச் சொல்லிக்கொண்டே திரிந்தான். அன்றிரவு மடக்கை வாய்பாட்டை வைத்துக்கொண்டு பின்பக்கமாகக் கணக்குப் போட்டேன். 9.81 வர வேண்டும் என்றால் 60 சதமமீற்றருக்கு எத்தனை செக்கன் வர வேண்டும்? 31.1. 80க்கு? 35.9. பழைய எண்களை அழித்துவிட்டுப் புதியதை எழுதினேன். புள்ளிகள் எல்லாம் கோட்டின் மேல் கோயில் வரிசை மாதிரி நின்றன.

அடுத்த கிழமை கொப்பியைத் திருப்பிக் கொடுக்கிற நேரம் என்னை எழுப்பினார். மேசையில் இருந்த நிறுத்தற்கடிகாரத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஒரு செக்கனுக்கு எத்தனை பிரிவு?"

"அஞ்சு, சேர்."

"அப்ப 31 தாண்டினா முள்ளு அடுத்து எங்க நிற்கும்?"

"31.2இல, சேர்."

"31.1இல எப்படி நிண்டது? நீர் கையால பிடிச்சனீரோ?"

வகுப்புச் சிரித்தது. அவர் விடவில்லை. கொப்பித் தாளை யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். அழித்த 9.64 தெரிந்திருக்க வேண்டும். "இது ஆற்ற?" என்றார். "என்ர, சேர்." "ஏன் அழிச்சனீர்?" நான் வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் 9.81 என்று எழுதினார். "இது லண்டன், பாரிஸ் பக்கத்துப் பெறுமானம். பூமி இடுப்பில பெருத்திருக்கு, அதோட சுத்துது. இடுப்புக்குக் கிட்ட இருக்கிற யாழ்ப்பாணத்தில 9.78தான். எல்லாரும் இங்க ஊசல் ஆட்டினவை. இவர் லண்டனில போய் ஆட்டிப்போட்டு வந்திருக்கிறார்."

அவ்வளவுதான். மணியடிக்க முதலே எனக்குப் பெயர் வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் செய்தது சரி என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வகுப்புச் சிரித்தபோது அவருடைய மீசைக்குக் கீழும் ஏதோ அசைந்தது. ஆனால் கொப்பியின் அடியில் சிவப்பு மையில் அவர் எழுதியிருந்ததை நான் யாருக்கும் காட்டவில்லை: '9.64, கூட்டல் கழித்தல் 0.2 என்று எழுதியிருந்தால் முழுப் புள்ளி.' 20 ஆட்டமும் அந்தக் கடிகாரமும் 9.78க்கும் 9.81க்கும் வித்தியாசம் காட்டவே மாட்டா. என் 9.64 பிழையான விடை அல்ல, எவ்வளவு சந்தேகம் என்று சொல்லாத விடை. இது எனக்கு விளங்கப் பத்து வருடம் ஆனது.

இங்கே வந்த கதை எல்லோருக்கும் ஒன்றுதான். பெற்றோல் செற், இரவு வேலை, பகலில் படிப்பு. பிறகு தென்மேற்கு லண்டனில் நிறைகளைச் சரிபார்க்கிற ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தேன். மருந்துக் கம்பனிகளும் மற்ற ஆய்வுகூடங்களும் தங்கள் படிகளை அனுப்பும். ஈ2 என்கிற துல்லிய வகுப்பில் ஒரு கிலோப் படி என்றால் 1.6 மில்லிகிராமுக்கு மேல் விலகக் கூடாது. முதல்நாளே தராசுக்குப் பக்கத்தில் வைத்து, அறையின் சூட்டுக்கு வரவிட வேண்டும். ஆள் கிட்டப் போய் நின்றாலே உடம்புச் சூட்டில் காற்று அசைந்து வாசிப்பு மாறும். முதல் நாள் மேற்பார்வையாளர் சாவணத்தை நீட்டி, விரலால் தொடாதே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. நாங்கள் கொடுத்த ஒவ்வொரு சான்றிதழிலும் அளவுக்குப் பக்கத்தில் சந்தேகமும் இருக்கும். அது இல்லாத சான்றிதழில் நான் கையெழுத்து வைத்ததில்லை.

போரால் பூட்டியிருந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை 2002இல் திறந்தது. அடுத்த ஆவணியில் ஊருக்குப் போனேன். சேர் ஓய்வு பெற்று, வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பக்கத்து முக்காலியில் அதே கடிகாரம். 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில், அந்த மழைக்குள், சனத்தோடு சனமாய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினபோது, நிறைப்பெட்டியையும் இதையும் உடுப்புப் பையில் சுற்றிக் கொண்டுபோனாராம். திரும்பி வந்து இரண்டையும் ஆய்வுகூடத்தில் ஒப்படைத்தார். டிஜிற்றல் கடிகாரங்கள் வந்ததும் இதைக் கழித்துவிட்டார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லண்டனில எவ்வளவு?" என்றார்.

"9.81, சேர்."

"அப்ப நீர் பிழை விடேல்லை. கொஞ்சம் முந்திப் போட்டீர்."

இருபது வருடமாக மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தவன் நான். அந்த இடத்திலேயே அது முடிந்துபோனது.

தேத்தண்ணி குடித்த பிறகு கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தக் கிணற்றுக்குள் ஊசல் கட்ட வேண்டும் என்று கனகாலமாக யோசித்து வைத்திருந்தார். உள்ளே காற்று இல்லை. ஆவணியில் தண்ணீர் நல்லாய் இறங்கிவிடும், 5 மீற்றர் நீளம் தாராளமாய் விடலாம். அந்த நீளத்தில் 100 ஆட்டம் ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய எடுக்கும். 9.81 ஆக இருந்தால் ஒரு நேரம், 9.78 ஆக இருந்தால் அதைவிட 0.7 செக்கன் கூட. எல்லாம் மனக்கணக்கில் சொல்லிவிட்டு, "எங்கட அஞ்சிலொண்டுக் கடிகாரமே அதைப் பிடிக்கும்" என்றார். தங்கூசி நூல் இழுபடும், சரிவராது. "அடுத்தமுறை வரேக்க நல்ல உருக்குக் கம்பி 6 மீற்றர் கொண்டுவாரும். இரண்டு பேருமாச் செய்வம்."

லண்டனுக்குத் திரும்பி வந்த கிழமையே கம்பி வாங்கினேன். 2006இல் பாதை மறுபடி பூட்டுப்பட்டது. 2009க்குப் பிறகு திறந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு நான் மூன்று தடவை இலங்கைக்குப் போனேன், மூன்றும் கொழும்பில் கலியாணம். லீவு காணாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கடைசியாகப் பேசியது 2019 மே 20, தொலைபேசியில். அன்றைக்குத்தான் கிலோகிராமின் புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. 1889 தொடக்கம் பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ரில், மூன்று பேரிடம் மூன்று திறப்பு இருக்கிற பெட்டகத்துக்குள் ஒரு பிளாற்றினம்-இரிடியம் உருளை இருந்தது. 39 மில்லிமீற்றர் உயரம், அதே விட்டம். அதுதான் உலகத்துக் கிலோ. நூறு வருடத்தில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே 50 மைக்கிரோகிராம் அளவில் விலகல் வந்துவிட்டது. யார் மெலிந்தது, யார் கொழுத்தது என்று தீர்க்க வழியில்லை, சட்டப்படி உருளை மெலியவே முடியாது! இனிக் கிலோ, பிளாங்கின் மாறிலி என்கிற, எங்கும் மாறாத இயற்கை எண்ணில் இருந்து வரும். அதற்கு வழி செய்த முறைகளில் ஒன்றான தராசை 1975இல் யோசித்தவர் பிரையன் கிபிள், எங்கள் ஆய்வுகூடத்துக்குச் சில மைல் தள்ளி ரெடிங்ரனில் இருக்கிற தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில். படியின் நிறையை, காந்தப் புலத்துக்குள் மின்னோட்டம் பாய்கிற சுருளின் விசை ஈடுசெய்யும். நான் உற்சாகமாய்ச் சொல்லிக்கொண்டு போனேன்.

சேர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "நிறையை வைச்சுத் திணிவு எடுக்கிறதெண்டா, அந்த இடத்து ஜீ, புவியீர்ப்பு ஆர்முடுகல், வேணுமே. அதை எப்படி எடுக்கினம்?"

எத்தனையோ பேருக்கு அந்தத் தராசை விளக்கியிருக்கிறேன், இதை வேறு ஒருவரும் கேட்டதில்லை. வெற்றிடத்துக்குள் ஒரு ஆடியை விழவிட்டு, லேசரால் தூரமும் அணுக்கடிகாரத்தால் நேரமும் பார்க்கிறார்கள், சேர், நூறு கோடியில் சில பங்கு வரைக்கும் போகலாம் என்றேன்.

"நல்லது" என்றார். "எங்கட கிணறு அப்படியே கிடக்கு."

வருகிற ஆவணி, சேர், என்றேன். அந்த ஆவணி நான் போகவில்லை. அடுத்தது கொரோனா. அதற்கடுத்த ஆவணிகளுக்கு என்னிடம் காரணம் இல்லை.

செத்தவீட்டுக்கும் போகவில்லை, அவருடைய மகனுக்கு அழைத்துத் துக்கம் விசாரித்தேன். கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொன்னேன். அது இன்னும் என் கராஜில், விலைச்சீட்டோடு சுருளாகக் கிடக்கிறது. கிணற்றுக்கு மேலே பிள்ளைகள் விழாமல் கம்பிவலை போட்டிருக்கிறதாம், கழற்றலாம் என்றார். கடிகாரம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு அண்ணை, ஓடுது. கொஞ்சம் பிந்துது."

எவ்வளவு பிந்துகிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார்.