கிணற்றடித் தென்னையின் உயரம்

ஏப்ரல் 10, உப்புவெளி

கிணற்றடித் தென்னையைத் தறிக்கத்தான் வேணும். தேங்காய் விழுந்து குசினி ஓடு இரண்டு போயிற்று. மரம் கிழக்கே லேசாகச் சரிவு. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மதில், பன்னிரண்டரை மீற்றரில். அப்படியே சாய்த்தால் மதில் தப்புமா?

"நிழலை அளப்பமே அப்பா" என்றான் தரம் 11 படிக்கிற மகன்.

எனக்குச் சாதாரண தரத்தில் கணிதம் 'எஸ்', வெறும் சாதாரண சித்தி. அதுவும் பிரம்புக்குப் பயந்து தேற்றங்களைப் பாடமாக்கி எடுத்தது. பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

ஏப்ரல் 12

பன்னிரண்டு மணி தாண்டி மீற்றர்க் கோலை முற்றத்தில் நட்டால் நிழலைக் காணோம்! அடியில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும். மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இங்கே சூரியன் உச்சம் கொடுக்கிற நாளாம். சித்திரை தோறும் வானொலியில் கேட்கிற செய்தி. வெயில் எச்சரிக்கை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். நாங்கள் இருப்பது வட அகலக்கோடு எட்டரைப் பாகையில். மார்ச் 21 அளவில் மத்திய கோட்டுக்கு மேலே நிற்கிற சூரியன், வடக்கே நகர்ந்து வருசப்பிறப்பை ஒட்டி எங்கள் உச்சந்தலைக்கு வருகிறது. ஓகஸ்ட் கடைசியில் திரும்பும்போது இன்னொரு தடவை.

2.45க்கு மறுபடி அளந்தோம். ஒரு மீற்றர்க் கோலுக்கு நிழல் 80 சென்ரிமீற்றர். தென்னைக்கு 11.2 மீற்றர். சமகோண முக்கோணிகள், வகுத்தால் பதினான்கு மீற்றர். மதில் தப்பாது. கணக்குப் போட்ட துண்டுத்தாளை இரவும் எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 17

மரம் தறிக்கிறவர் வந்தார். மரத்துக்கு முதுகைக் காட்டித் தள்ளிப் போய், குனிந்து கவட்டுக்குள்ளால் பார்த்தார். மரத்தின் உச்சி வட்டு தெரிகிற இடம் வந்ததும் மரம்வரை எட்டு வைத்து எண்ணினார்.

"நாப்பத்தைஞ்சு அடி. துண்டு துண்டாத்தான் இறக்கோணும்."

அப்படிக் குனிந்தால் பார்வை ஏறத்தாழ 45 பாகையில் மேலே போகும். ஆகவே நின்ற தூரமே உயரம். இறக்கிய துண்டுகளை அளந்து கூட்டினோம்: 13.7 மீற்றர். அவர் சொன்ன அதே நாற்பத்தைந்து அடி! எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பிழை சரிவில். பிற்பகல் நிழலும் கிழக்கே விழ, சரிவின் கால் மீற்றரும் அதோடு சேர்ந்துவிட்டது. 0.25ஐ 0.8ஆல் வகுத்தேன். விடுபட்ட முப்பது சென்ரிமீற்றர் அங்கே இருந்தது.

ஏப்ரல் 19

அடுத்து அளக்கப்போவது திருகோணமலைக் கடலோரத்துக் கோணேசர் மலையின் உயரம். பிற்பகல் நிழல் கடலுக்குள் போய்விடும், அடிவரை நாடா பிடிக்கவும் வழியில்லை. டச் பே கடற்கரை மணலில் மலையை நோக்கி ஒரே நேர்கோட்டில் இரண்டு இடம், இடையில் 100 மீற்றர், இரண்டு கோணம், தான்சன், போதும் என்கிறான். பாகைமானியில் நூல் கட்டி வாசர் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். தான்சன் என்னவென்று அவனிடம் கேட்க வெட்கம். அவன் படுத்த பிறகு புத்தகத்தை எடுத்தேன்.